பதினைந்து விநாடி

மேனேஜர் என் பக்கமாகத் தள்ளிய கடிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன. ‘இந்த முதியோர் இல்லத்தில் பயன்படுத்தப்படும் மருந்துப் பதிவு மென்பொருளை நேரில் சோதித்துப் பார்த்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. அதில் இல்லாத பதிவுகள் செய்யப்படாத பதிவுகளே.’ மூன்றாவது வரி அவருடைய கைவண்ணம் என்பது பார்த்ததும் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு சுற்றறிக்கை எழுதிச் சுவரில் ஒட்டுகிற மனிதர். கழிவறைக் கதவில்கூட அவருடைய கையெழுத்தோடு ஒரு அறிவுரை இருக்கும். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். இடம் தெரியாமல் நான் வேறெங்காவது போட்டுவிடுவேனாம்.

“ஒண்ணும் பெருசா இல்ல சார். ஒரு சைன். நாலு மணிக்கு அந்தப் பெரியவரோட மகன் வர்றார். அவர் கையில இதைக் குடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுது.”

‘நம்ம’ என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடமாக இந்த இல்லத்தின் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்க்கிறேன். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கை அவருடையது என்பதால் அவரைச் சகித்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எங்களுக்குள் ‘நம்ம’ எதுவும் கிடையாது.

விஷயம் இதுதான். மூன்றாவது மாடியில் இரண்டாம் கட்டிலில் இருந்த பெரியவர் பத்து நாள் முன்னால் மயங்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகள் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டனவா என்று கேட்டார்கள். மேனேஜர் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் பெரியவரின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஏழு வாரமாக ஒரு பதிவுகூட இல்லை. இரண்டாம் கட்டிலுக்கு மட்டுமில்லை, மூன்றாம் மாடியின் பன்னிரண்டு கட்டில்களுக்கும் இல்லை. ஏழு வாரமாக ஒரு மாடி முழுக்க வெறுமையாகக் கிடந்ததை ஆஸ்பத்திரி கேட்கிற வரைக்கும் அவர் பார்க்கவில்லை. பார்க்கிறதற்காகத்தான் அந்த மேஜையும் அந்தச் சுழல் நாற்காலியும்.

“அந்த மாடி சிஸ்டர் என்ன சொல்றாங்க?”

“என்ன சொல்வா? எல்லாம் குடுத்தேன், எல்லாம் போட்டேன், என் ஸ்கிரீன்ல இருக்குங்கிறா. விஷயம் தெரிஞ்சதும் அவசர அவசரமா உக்காந்து அடிச்சிருப்பா. மாத்திரையெல்லாம் குப்பையில போயிருக்கும். சிஸ்டம்ல இல்லன்னா நடக்கலன்னு அர்த்தம் சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பத்து வருடத்துக்கு முன்னால், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து நடத்திய பயிற்சியில். நோட்டுப் புத்தகங்களை மூட்டை கட்டிவிடுங்கள், இனி இதில் இருப்பதுதான் உண்மை என்று. அப்போது முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டே விரல்களால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தவள்தான் இந்த சிஸ்டர். மனதுக்குள் அவளுக்கு ‘ரெண்டு விரல்’ என்று பெயர் வைத்தேன். அவளால் அன்றைக்குப் பயிற்சி ஒரு மணி நேரம் நீண்டது. தனியாக ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்.

“நீங்க மேல போய் அவங்க ஸ்கிரீனப் பாத்தீங்களா?”

“லிஃப்ட் ரிப்பேர் சார்” என்றார் மேனேஜர்.

நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். யோசிக்க ஒன்றுமில்லை. ‘என் ஸ்கிரீன்ல இருக்கு’ என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் எந்தப் படி கிறீச்சிடும் என்று கட்டிய தச்சனுக்குத் தெரியும். அதுபோலத் தெரிந்துவிட்டது.

ஏழு வாரத்துக்கு முன்னால் அலுவலக அறையில் இருந்த சர்வர் மாற்றப்பட்டது. எல்லா மாடிப் பதிவுகளும் சேர்கிற பெட்டி அது. புதுப் பெட்டிக்குப் புது முகவரி. மாடிக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் போய்ப் பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுத வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு நிமிட வேலை. தரைத்தளத்தில் மாற்றினேன், முதல் மாடியில் மாற்றினேன், இரண்டாம் மாடியில் மாற்றினேன். அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாம் மாடியின் படிக்கட்டு முனையில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் பதினெட்டுப் படிகள். மேலே யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வலித்தது. மேலே இருப்பவர்களின் முகங்களை நினைத்தால் வலி கூடியது. மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டரால் சர்வரைப் பிடிக்க முடியாவிட்டால் அதுவே கத்தும், ரெண்டு விரல் போன் பண்ணுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

அது கத்தாது. கத்தாதபடி செய்தவன் நான். அதை மறந்திருந்தேன்.

நான் எழுதிய புரோகிராமுக்குத் திறந்ததும் முதல் வேலை, கீழே சர்வரில் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் தரவுதளத்தோடு இணைவது. சர்வரின் முகவரி, தரவுதளத்தின் பெயர், உள்ளே விடுவதற்கான கடவுச்சொல் மூன்றையும் ஒரே வரியாகக் கோத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். பதினைந்து விநாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால் பிழை. முதல் வருடம் பிழை வந்தால் திரை நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து நிற்கும். மேனேஜர் மூன்று முறை போன் செய்தார். “அந்தச் சிவப்பு வரவே கூடாது சார். பாக்க வர்ற சொந்தக்காரங்க என்ன நெனப்பாங்க? ஏதோ ஆபத்துங்கிற மாதிரி இருக்கு.” மூடனோடு வாதாடுவதைவிட மூடன் கேட்டதைச் செய்து கொடுப்பது சுலபம் என்பது என் தொழில் கொள்கை. சர்வர் கிடைக்காவிட்டால் அந்தப் பிழையைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கிவிடு, அதே கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு நகல் கோப்பைத் திறந்துகொள், ஒன்றும் நடக்காததுபோல வேலையைத் தொடர் என்று எழுதினேன். ஆறு வரி. இணைப்பு திரும்ப வந்ததும் நகலில் சேர்ந்ததைக் கீழே அனுப்பும் பகுதியையும் எழுதியிருக்க வேண்டும். ‘இதைப் பிறகு எழுத வேண்டும்’ என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன். பத்து வருடமாக அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கிறது.

மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் இப்படிப் பிழையை விழுங்கும் இடத்தைப் பார்த்தால் நான் விடமாட்டேன். நாலு பேர் முன்னால் படித்துக் காட்டிச் சிரிப்பேன். இதை எழுதியவன் சோற்றைத்தான் தின்கிறானா என்று கேட்டிருக்கிறேன். ஒருவன் அதற்கப்புறம் இந்தத் தொழிலையே விட்டுப் போனான் என்று கேள்விப்பட்டேன். தொழிலுக்கு நல்லது என்று அப்போது சொன்னேன்.

“மேல ஒரு தடவ பாத்துட்டு வந்து போடறேன்” என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“பாத்துட்டேன்னுதானே சார் அதுல எழுதியிருக்கு?” என்றார் மேனேஜர்.

ஐம்பத்து நான்கு படிகள். இந்தக் கட்டடத்தைக் கட்டியவனுக்கு, மிகவும் தளர்ந்தவர்களை எங்கே வைப்பது என்று கேட்டபோது உச்சியில் என்று தோன்றியிருக்கிறது. நடக்க முடியாதவர்கள் இறங்கி வரப்போவதில்லை, அதனால் மேலே வைக்கலாம். கணக்கு சரிதான். மூன்றாம் மாடிக்கு வந்தபோது என் மூச்சு எனக்கே கேட்டது. மருந்து நெடியும் ஈரத் துணி வாடையும் கலந்து, ஜன்னல் திறந்திருந்தும் போகாமல் நின்றன. வாசலருகே சக்கர நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் பிரகாசமானது.

“வந்துட்டாரு பாரு மகராசன்! ஏழு வாரமா நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு. எங்கடா உன் ஸ்பேனரு?”

“நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் இல்லம்மா.”

“அப்ப எதுக்குடா வந்த?”

அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

சிஸ்டர் மேஜையருகே நின்று ஒரு மாத்திரையைப் பிளேடால் சரிபாதியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. பாதியை ஒரு மூடியிலும் மறுபாதியை இன்னொன்றிலும் போட்டுவிட்டு, பிளேடைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்த பிறகுதான் பேசினாள்.

“சைன் போட்டாச்சா சார்?”

“இன்னும் இல்ல.”

“பேனா இல்லன்னா நான் தர்றேன்.”

அவள் கண்ணில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். மருந்து கொடுக்காமல் ஏமாற்றினாள் என்று ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் எந்த இல்லத்திலும் எந்த ஆஸ்பத்திரியிலும் அவளை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். பயந்தவர்களோடு பேசுவது எனக்குப் பழக்கம், சுலபமும்கூட. அவள் பயப்படவில்லை. என்னைத்தான் கேவலமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அடையாளம் கண்டுகொண்டேன். பல வருடம் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டாம் கட்டிலைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. ஏழு வாரத்துக்கு முன்னாலிருந்து அவர் விழுந்த நாள் வரைக்கும், ஒவ்வொரு நாளும். காலை ஏழு மணி நான்கு நிமிடம், மதியம் ஒரு மணி, மாலை நான்கு மணி இரண்டு நிமிடம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பச்சை எழுத்தில் ‘பதிவானது’. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க நான் அரை நாள் செலவழித்திருந்தேன். வலது ஓரத்தில் குறிப்புக்காக ஒரு கட்டம் உண்டு. இந்த ஆட்கள் யாரும் இதை நிரப்பப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேதான் அதை வைத்தேன். மற்ற மாடிகளில் யாரும் நிரப்பியதில்லை. இங்கே நிரம்பியிருந்தது. ‘துப்பிட்டார். மறுபடி குடுத்தேன்.’ ‘தூக்கம். எழுப்பிக் குடுத்தேன், திட்டினார்.’ ‘மகன் எப்ப வருவான்னு கேட்டார்.’ ‘மகன் எப்ப வருவான்னு கேட்டார்.’ அவர் விழுந்த நாளின் வரிக்கு வந்தேன். ‘காலையிலேருந்து தலை சுத்துதாம். டாக்டரக் கூப்பிடச் சொல்லி ஆபீசுக்கு போன் பண்ணினேன். மேனேஜர் பாக்கலாம்னார்.’ அதற்கு மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு வரி. ‘மறுபடி போன் பண்ணினேன்.’

இரண்டு விரல்களால் இதை அடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருந்திருக்கலாம்.

“எல்லாம் இருக்குல்ல சார்?”

“இருக்கு.”

“அப்ப கீழ ஏன் இல்ல?”

“போகல. இந்தப் பெட்டிக்குள்ளயே நின்னுடுச்சு.”

“போகலன்னா போகலன்னு சொல்லணும்ல? பச்சையா பதிவானதுன்னு வருதே. அது எங்க பதிவாச்சு, சுவத்துலயா?”

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். வாசலில் கிழவி, லிஃப்ட் என்ன ஆச்சு என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பதிலுக்காகக் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம் என்று தோன்றியது. விழுங்காதவரின் வாயருகே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு எனது மௌனம் பெரிய விஷயமில்லை.

சத்தமில்லாமல் முடிக்க ஒரு வழி உண்டு. முகவரியை மாற்றி, நகலில் இருப்பதையெல்லாம் மொத்தமாகக் கீழே தள்ளிவிட்டால் மேனேஜரின் திரையிலும் ஏழு வாரமும் வந்து நிற்கும். யாரும் எதுவும் கேட்கவேண்டியதில்லை. முகவரிக் கோப்பைத் திறந்தேன். பழைய முகவரியை அழித்தும்விட்டேன். புதியதன் முதல் இலக்கத்தைத் தட்டும்போதுதான் நினைவு வந்தது. பதிவு நேரம் என்று மாடிக் கம்ப்யூட்டர் சொல்வதை சர்வர் ஏற்காது. தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே முத்திரை குத்தும். அதுவும் என் ஏற்பாடுதான். நேரத்தை இவர்கள் கையில் விட்டால் பொய் எழுதுவார்கள் என்று அப்போது பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது தள்ளினால் ஏழு வாரத்து மாத்திரைகளும் இன்று மதியம் மூன்றரை மணிக்குப் பதிந்ததாக வந்து விழும். உட்கார்ந்து அடித்துவிட்டாள் என்று மேனேஜர் சொன்னதற்கு என் சர்வரே சாட்சி சொல்லும். அவளுடைய கழுத்தை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டி வைத்திருந்தேன், அவளை யாரென்று ஒழுங்காகப் பார்ப்பதற்கு முன்பே.

பழைய முகவரியை இருந்தபடியே திரும்ப எழுதினேன். மேஜையிலிருந்த போனை எடுத்து மேனேஜரை மேலே வரச் சொன்னேன்.

“லிஃப்ட் சரியாகட்டும் சார், வந்து பாக்கறேன். அவர் மகன் வந்து உக்காந்துட்டார். நீங்க சைன் போட்டுட்டுக் கீழ வாங்க.”

“கீழதானே? வர்றோம்” என்று வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரை அணைத்து ஒயர்களைப் பிடுங்கினேன். பெட்டிக்குப் பின்னால் விரற்கடை உயரத்துக்குத் தூசி. அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். சிஸ்டர் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, “பத்து நிமிஷம் இவங்களப் பாத்துக்கோ, ஏழாம் கட்டில் எந்திரிக்கப் பாப்பார், விடாத” என்று சொல்லிவிட்டு, மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“ஐயோ, லிஃப்ட்டக் கழட்டிட்டுப் போறானே!” என்று கிழவி கத்தினாள். “இவளும் கூட்டு! யாராவது வாங்களேன்!”

சிஸ்டர் சிரித்துவிட்டாள். நான் அவள் சிரித்துப் பார்த்ததில்லை. படி இறங்கும்போது அவள் முன்னால் போனாள். பின்னால் தொங்கிய ஒயர் ஒன்று படிக்குப் படி தட்டிக்கொண்டே போனது. “சார், ஒயர மிதிச்சிடாதீங்க” என்றாள் ஒருமுறை.

அலுவலக அறையில் பெரியவரின் மகன் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு. எங்களைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்தார். உடனே, எழுந்தது தவறு என்பதுபோல உட்கார்ந்தார்.

“என்ன சார் இது? இங்க எதுக்கு?”

“நீங்க மேல வர மாட்டீங்களே.”

அவருடைய மேஜையிலேயே வைத்தேன். சுற்றறிக்கைகளும் பேனாக் கூடும் ஓரத்துக்கு நகர்ந்தன. மானிட்டரை மகனும் பார்க்கிற மாதிரித் திருப்பினேன். நெட்வொர்க் ஒயரைச் செருகாமல், மின்சாரத்தை மட்டும் கொடுத்தேன். கம்ப்யூட்டர் நிதானமாக எழுந்தது. சிஸ்டர் கதவோரம் நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை, நான் உள்பட. புரோகிராமைத் திறந்தேன். திரை நடுவில் அந்தச் சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“என்ன, இவ்ளோ நேரம் எடுக்குது?” என்றார் மேனேஜர்.

“சர்வரத் தேடுது.”

நெட்வொர்க் பிரச்சனை என்று ஒரு சொல் இருக்கிறது. அதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் புரியாது, யாரும் மேலே கேட்கமாட்டார்கள், யார் மேலும் பழி விழாது. வானிலைபோல எங்கிருந்தோ வந்து போகிற ஒன்று. இந்தத் தொழிலில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்களெல்லாம் அதன் பின்னால்தான் குடியிருக்கிறார்கள். நாக்கு நுனி வரை வந்து நின்றது.

“கிடைக்கலன்னா என்ன ஆகும்?” பெரியவரின் மகன் முதல்முறையாகப் பேசினார்.

“கிடைக்கலன்னு சொல்லாது.”

“சொல்லாதுன்னா?”

“எல்லாம் சரியா இருக்கற மாதிரியே திறந்துக்கும். இவங்க போடறதெல்லாம் பதிவானதுன்னு காட்டும். கீழ ஒண்ணும் வராது.”

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது, பத்து.

“எந்த முட்டாள் அப்படி எழுதி வெச்சான்?” என்றார் அவர்.

மேனேஜர் பேனாக் கூட்டை நேராக்கினார். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றேன்.

மணி நான்காக ஒரு நிமிடம் இருந்தது. சிஸ்டர் மேஜைக்கு வந்து, கூட்டிலிருந்து ஒரு பேனாவை உருவினாள். கடிதத்துக்குத்தானோ என்று என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவள் இடது உள்ளங்கையை விரித்து அதில் எதையோ எழுதிக்கொண்டாள். கட்டில் எண்களாக இருக்கும். மேலே இப்போது பதிந்துவைக்கக் கம்ப்யூட்டர் இல்லை.

“மாத்திரை நேரம் சார்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேனாவோடு வெளியே போனாள்.

வட்டம் நின்றது. சிவப்புப் பெட்டி எதுவும் வரவில்லை. பச்சை வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. பெரியவரின் மகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓரத்துக் கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்க ஆரம்பித்தார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே படிக்கட்டில் அவளுடைய ரப்பர் செருப்பின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டு. திரும்பும் இடத்தில் சற்று நின்றது. மறுபடி பதினெட்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.